கமா யார் வீட்டுச் சொத்து?

ஆங்கிலத்தில் ஒருவர் கமா போட்ட இடம் தவறு என்று சிரிப்பது, சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியைச் சொல்லிவிடும் வழிகளில் ஒன்றாகிவிட்டது. 'நீங்க எந்த ஆளுங்க?' என்று நேராகக் கேட்க இன்று சிலருக்குக் கூச்சம் வந்திருக்கிறது. 'எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?' என்று கேட்க எந்தக் கூச்சமும் இல்லை. இரண்டு கேள்விக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

கிளென்மார்கன் பக்கத்து எஸ்டேட் லயத்தில் பிறந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். மலைக்குக் கீழே ஒரு தனியார் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில், அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக நான்கு நாள் விடுப்பு கேட்டு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினாள். மேலதிகாரி அதைப் படமெடுத்து, தவறான ஐந்து கமாக்களைச் சிவப்பில் வட்டமிட்டு, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. அம்மாவுக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஐந்து கமாவையும் நான் பார்த்தேன். மூன்று, எழுவாய்க்குப் பின்னால் வந்தவை. இரண்டு, முழு வாக்கியம் ஒன்றை இன்னொரு முழு வாக்கியத்தோடு ஒட்ட வைத்தவை. ஐந்துமே தமிழ்ப் பழக்கத்தின்படி போடப்பட்டவை. தமிழில் எழுவாய் நீண்டுவிட்டால் மூச்சுவிட்டு ஒரு காற்புள்ளி வைக்கிறோம். இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே 'சிரிப்பது' என்ற சொல்லுக்குப் பின் நானும் ஒன்று வைத்திருக்கிறேன். தமிழில் அது குற்றமில்லை. ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா வரக் கூடாது. அதேபோல் 'எழுந்து, மஸ்டருக்குப் போய், கொழுந்து பறித்து, எடை போட்டு, வீடு திரும்பினாள்' என்று வினையெச்சங்களைக் காற்புள்ளியால் கோத்துக்கொண்டே போகத் தமிழ் இடம் தரும், ஏனென்றால் முற்றுவினை ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் தனக்கென முழு வினை கொண்ட வாக்கியமாகிவிட்டால், வெறும் கமா அவற்றை இணைக்காது. 'அண்ட்', 'பட்' போன்ற ஓர் இணைப்புச் சொல் கூட வர வேண்டும், அல்லது அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும்.

அவ்வளவுதான் விஷயம். தமிழ்க் காற்புள்ளி மூச்சையும் ஓட்டத்தையும் பார்த்து விழுகிறது, ஆங்கிலக் கமா வாக்கியத்தின் எலும்பைப் பார்த்து விழுகிறது. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு பிற்பகல் போதும். பன்னிரண்டு ஆண்டு பள்ளியும் மூன்று ஆண்டு கல்லூரியும் அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு பிற்பகலைத் தரவில்லை. வட்டம் போட்டவருக்கு அது வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்திருக்கும். தான் சும்மா பெற்றதைத் தன் தகுதி என்று நினைப்பவர்களைப் பற்றி இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கிளென்மார்கன் என்ற பெயரே வெள்ளைக்காரப் பெயர். இங்கிருந்து கீழே சிங்காராவுக்கு மின்வாரியத்தின் வின்ச் பாதை இறங்குகிறது. 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காரா திட்டத்தின் மலை இது. லயத்தில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிக்கும் மஸ்டர், செக்ரோல், சார்ஜ் ஷீட், சஸ்பெண்டு, செட்டில்மெண்டு, கிராஜுட்டி எல்லாம் தெரியும். ஆங்கிலச் சொற்களைக் கொழுந்துக் கூடையோடு சேர்த்துச் சுமந்தவர்கள் நம் ஆட்கள். ஆங்கில வாக்கியம் மட்டும் பங்களாவிலும் ஆபீசிலும் பத்திரமாக இருந்தது. சம்பளத்தைப் பிடிப்பதும் வேலையை விட்டு நீக்குவதும் அந்த வாக்கியம்தான்.

ஓர் அறிவிப்பு ஒட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'ஒர்க்கர்ஸ் ஹூ வேர் ஆப்சென்ட் வில் லூஸ் எ டேஸ் வேஜஸ்.' வராத தொழிலாளர்களுக்கு மட்டும் ஒரு நாள் கூலி போகும் என்று பொருள். இப்போது இரண்டு கமாவைச் சேருங்கள்: 'ஒர்க்கர்ஸ், ஹூ வேர் ஆப்சென்ட், வில் லூஸ் எ டேஸ் வேஜஸ்.' தொழிலாளர்கள் யாருமே வரவில்லை, எல்லோருக்கும் கூலி போகும் என்று பொருள் மாறிவிட்டது. முதல் வாக்கியத்தில் 'வராத' என்பது ஆளைப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டாவதில் அது எல்லோரைப் பற்றியும் போகிற போக்கில் சொல்லப்படும் கூடுதல் தகவல். தமிழில் 'வராத தொழிலாளர்கள்' என்பதற்குள் இப்படி ஒரு பூட்டைக் கமாவால் போடவும் முடியாது, திறக்கவும் முடியாது. அதனால்தான் நம் பிள்ளைகளின் கண்ணுக்கு அந்த இரண்டு புள்ளியும் ஒரு வேறுபாடாகவே படுவதில்லை. கூலி போகும்போதுதான் படுகிறது.

1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், தொழிற்சாலை நிலையாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் ஒட்ட வேண்டும் என்றது. நல்ல விதி. ஆனால் வழக்கு என்று வந்து உயர் நீதிமன்றம் போனால் எந்த மொழி பேசும்? அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவைப் படியுங்கள். உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் ஆங்கிலம். மாநிலச் சட்டமன்றம் தமிழிலேயே சட்டம் இயற்றினாலும், ஆளுநரின் அதிகாரத்தின்கீழ் வெளியாகும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்புதான் அதிகாரபூர்வப் பாடம். தமிழ்நாட்டில் தமிழில் பிறந்த சட்டத்துக்கும் கடைசிச் சொல் ஆங்கிலக் கமாவிடம் இருக்கிறது. தமிழ் வாழ்க என்று பெயர்ப்பலகை வைத்தவர்கள் யாரும் இந்த இடத்தை இன்னும் தொட்டு முடிக்கவில்லை.

கமா கூலியைத் தொழிலாளி பக்கம் திருப்பியதும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று சட்டத்தில் ஒரு பட்டியல். அதன் கடைசியில் 'அனுப்புவதற்காகப் பொட்டலமிடுதல் அல்லது விநியோகம்' என்ற பொருளில் ஒரு தொடர், நடுவே கமா இல்லை. கமா இருந்தால் விநியோகம் தனி வேலை, ஓட்டுநருக்கு ஓவர்டைம் இல்லை. கமா இல்லாததால், அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பொட்டலமிடுவது என்ற ஒரே வேலையாகவும் அதைப் படிக்கலாம். ஓட்டுநர்கள் பொட்டலம் போடுவதில்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்கு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கமா கூலியை மட்டும் அல்ல, நீ யார் என்பதையே தீர்மானிக்கிறது. மகாராட்டிரப் பழங்குடிப் பட்டியலின் 18ஆவது பதிவு 'கோண்ட்' என்று தொடங்கி ஐம்பதுக்கு மேற்பட்ட பெயர்களைக் கமா கமாவாக அடுக்குகிறது. அதில் 'மானா' என்ற பெயரும் உண்டு. மானாக்கள் கோண்டுகளின் உட்பிரிவாக இருந்தால்தான் சான்றிதழ் என்று மாநில அரசு வாதாடியது. 2006இல் உச்ச நீதிமன்றம் கமாவைக் காட்டித் தீர்ப்பளித்தது: ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே கமா இருக்கிறது, ஆகவே ஒவ்வொன்றும் தனித்தனிப் பழங்குடி. மானாக்கள் வென்றார்கள்.

அதே பதிவில் 'கோண்ட் கோவாரி' என்று ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே கமா இல்லை. மாடு மேய்த்து வாழ்ந்த கோவாரி மக்கள், அந்தப் பதிவு தங்களைத்தான் குறிக்கிறது என்று பல ஆண்டுகள் போராடினார்கள். 1994 நவம்பர் 23 அன்று நாக்பூர் சட்டமன்றத்தை நோக்கி வந்த பேரணியில் தடியடி, நெரிசல். 114 பேர் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். 2018இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை கோவாரிகளுக்குச் சாதகமாகச் சொன்னது. 2020 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: கோவாரி வேறு, கோண்ட் கோவாரி வேறு, பட்டியலில் இருப்பதை இருப்பபடியே படிக்க வேண்டும். மானா தீர்ப்பின் தர்க்கப்படி, இடையே ஒரு கமா விழுந்திருந்தால் கோவாரி என்ற பெயர் தனியாக நின்றிருக்கும். கமா இல்லாததால் மட்டும் அந்த 114 பேர் சாகவில்லை. அரசின் திமிரும் போலீசின் தடியும் கொன்றன. ஆனால் ஆங்கிலத்தில் அச்சான ஒரு வரியின் வாசலில்தான் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நாக்பூரில் இப்போது ஒரு மேம்பாலத்துக்கு அவர்கள் பெயர் இருக்கிறது. பட்டியலில் பெயர் கேட்டவர்களுக்குப் பாலத்தில் பெயர்.

தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கிளென்மார்கனைச் சுற்றித் தோடர்களின் மந்துகள் இருக்கின்றன. பட்டியலில் தோடருக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி: கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை வட்டமும் நீங்கலாக. கன்னியாகுமரியில் எந்தத் தோடர் எருமை மேய்த்தார்? 1956 வரை அந்தப் பகுதிகள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன, அங்கே பட்டியல் வேறு, அந்தக் கணக்கு இன்றும் அடைப்புக்குறியாகத் தொங்குகிறது. இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. மலையாளி என்ற பழங்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அடைப்புக்குறி அப்படியல்ல. தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று ஆறு மாவட்டங்கள். ஈரோட்டு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே மக்கள், அதே பெயர். அந்த மலை பட்டியல் போட்டபோது கோவை மாவட்டம், கோவை அந்த அடைப்புக்குறிக்குள் இல்லை. இன்னொரு கமாவும் இன்னொரு மாவட்டப் பெயரும் விழாததால், பர்கூர் மலையாளிப் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் இல்லை. அதற்கான போராட்டம் தலைமுறை தாண்டி நடக்கிறது.

இதையெல்லாம் எழுதினால் நம் பக்கத்திலேயே சில தோழர்கள், 'ஆங்கில இலக்கணம் என்பதே மேட்டுக்குடி ஒழுங்கு, அதைத் தூக்கி எறி' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சொல்கிறவர் வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கி எறியும் வசதி ஏற்கெனவே வைத்திருப்பவருக்குத்தான் உண்டு. லயத்துப் பிள்ளையிடம் போய் 'உனக்குக் கமா வேண்டாம்' என்று சொல்வது, கோயில் நுழைவு கேட்டவரிடம் 'சாமியே இல்லை, நீ ஏன் உள்ளே போகணும்?' என்று சாதி இந்து கேட்டதைப் போன்றது. கதவைத் திற, உள்ளே போவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

மேலும் கமா எவருடைய பரம்பரைச் சொத்தும் அல்ல. அதன் இன்றைய வளைவை 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனுடியஸ் அச்சில் பரப்பினார். நம் ஓலைச்சுவடிகளில் காற்புள்ளி கிடையாது, மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் அச்சும் ஆங்கிலப் பள்ளியும் வந்தபோது பண்டிதர் வீட்டுப் பிள்ளையும் பூச்சியத்திலிருந்துதான் கற்றது. பள்ளிக்கூடத்துக்குள் முதலில் விடப்பட்டது யார் என்பது மட்டும்தான் வேறுபாடு.

அந்த வேறுபாட்டை உடைக்க நினைத்தவர்கள் ஆங்கிலத்தை வெறுத்து ஒதுக்கவில்லை. இதே நீலகிரியில்தான் அயோத்திதாசர் 1891இல் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டித் தீர்மானங்களைக் காங்கிரசுக்கு அனுப்பினார். இரட்டைமலை சீனிவாசன் இதே மலையில் ஐரோப்பியரின் வணிக நிறுவனங்களில் கணக்கராக வேலை பார்த்தவர். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். அம்பேத்கரோ, பள்ளியில் சாக்குத் துணியில் தனியே உட்கார வைக்கப்பட்ட பிள்ளை. அரசமைப்பு வரைவுக்கு 7,635 திருத்தங்கள் கொடுக்கப்பட்டன, 2,473 அவையில் முன்மொழியப்பட்டன. நசிருதீன் அகமது என்ற உறுப்பினர் கமாவை எடு, அரைப்புள்ளி போடு என்றே ஏராளமான திருத்தங்கள் கொண்டுவந்தார். வரைவுக் குழுவை அலைக்கழியும் குழு என்று கிண்டலும் செய்தார். அத்தனையையும் வைத்துக்கொண்டு இந்த நாட்டின் சட்டத்துக்கு எந்தக் கமா எங்கே என்று முடிவு செய்த குழுவின் தலைவர், ஒரு மகர்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில. எஸ்டேட் நிர்வாகம் தரும் சார்ஜ் ஷீட்டும் வனத்துறை தரும் நோட்டீசும் தமிழில் வர வேண்டும், வழக்கிலும் அந்தத் தமிழே செல்ல வேண்டும். 348ஆம் பிரிவு இருக்கும்வரை, மலைப் பள்ளிகளில் ஆங்கிலக் கமாவைத் தமிழ்க் காற்புள்ளியோடு ஒப்பிட்டுத் தமிழிலேயே விளக்கிச் சொல்லித்தர வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஜானையும் மேரியையும் தேட வேண்டாம். அப்பாவின் சம்பளச் சீட்டு இருக்கிறது, பழங்குடிப் பட்டியல் இருக்கிறது. அரசமைப்பின் முகப்புரை இருக்கிறது: அதன் ஆங்கிலத்தில் இறையாண்மை, சமதர்மம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் என்ற நான்குக்கும் நடுவே ஒரு கமாகூடக் கிடையாது, நீதி என்ற சொல்லுக்குப் பின்னால் உடனே ஒரு கமா வந்து, சமூக நீதி, பொருளாதார நீதி, அரசியல் நீதி என்று அதைப் பிரிக்கிறது. இங்கே ஏன் இருக்கிறது, அங்கே ஏன் இல்லை என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள், அரை மணி நேரம் சண்டை போடுவார்கள்.

அந்தப் பெண் இப்போது வேறு வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் லயத்தில் எட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறாள். கரும்பலகை வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். வாங்கித் தர முடிந்தவர்கள் சொல்லுங்கள்.