15 ஓவரில் 171 எப்படி வந்தது? மழை நேர டி.எல்.எஸ். விதி உண்மையிலேயே நியாயமானதா?

2023 ஐபிஎல் இறுதிப்போட்டி. சாய் சுதர்சன் அடித்த 96 ரன்களின் உதவியோடு குஜராத் டைட்டன்ஸ் 214 ரன்கள் குவித்தது. சென்னை அணி 3 பந்துகள் ஆடியதுமே மழை கொட்டியது. நள்ளிரவு தாண்டி ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது, 20 ஓவரில் 215 என்ற இலக்கு 15 ஓவரில் 171 ஆக மாறியிருந்தது. கடைசி 2 பந்துகளில் ஜடேஜா சிக்ஸரும் பவுண்டரியும் அடித்து கோப்பையை வென்று கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த 171 எங்கிருந்து வந்தது?

162 தானே வரணும்?

சாதாரணமாக வகுத்துப் பார்த்தால் 15 ஓவருக்கு 162 ரன்கள்தான் வரும். கூடுதலாக 9 ரன்கள் ஏன்? காரணம், விக்கெட்டுகள். ஓவர் குறைந்தாலும் கையில் இருக்கும் 10 விக்கெட் குறையவில்லை. 20 ஓவருக்குப் பார்த்துப் பார்த்து செலவழிக்க வேண்டிய விக்கெட்டுகளை 15 ஓவரிலேயே செலவழிக்கலாம். அதாவது துணிந்து அடிக்கலாம். மீதமுள்ள ஓவர், மீதமுள்ள விக்கெட் இரண்டையும் சேர்த்து ஒரு அணியின் 'கையிருப்பு' எவ்வளவு என்று கணக்கிடுவதுதான் டக்வொர்த் - லூயிஸ் - ஸ்டெர்ன் முறை.

முதலில் ஆடும் அணியின் இன்னிங்ஸ் நடுவில் மழை வந்தால் இது தலைகீழாகவும் மாறும். முழு ஓவர் இருக்கிறது என நினைத்து நிதானமாக ஆடிய அணிக்கு ஈடு செய்ய, அவர்கள் எடுத்ததைவிட அதிக ரன்கள் எதிரணிக்கு இலக்காகலாம்.

இதற்கு முன்பு என்ன நடந்தது?

1992 உலகக்கோப்பை அரையிறுதி, சிட்னி. இங்கிலாந்துக்கு எதிராக தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன்கள் தேவை. சிறிது நேர மழைக்குப் பிறகு 2 ஓவர்கள் குறைக்கப்பட்டன. ஆனால் இலக்கில் குறைந்தது 1 ரன் மட்டுமே. முதலில் ஆடிய அணி மிகக் குறைவாக ரன் எடுத்த ஓவர்களைத்தான் கழிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஆக, தென்னாப்பிரிக்கா சிறப்பாகப் பந்துவீசிய ஓவர்களே அந்த அணிக்கு எதிராகத் திரும்பின. ஸ்கோர்போர்டு 22 என்று காட்டினாலும், உண்மையில் கடைசி 1 பந்தில் தேவைப்பட்டது 21 ரன்கள். டக்வொர்த் - லூயிஸ் முறை அன்று இருந்திருந்தால், வெற்றிக்கு 5 ரன்கள் போதும்.

இங்கிலாந்து புள்ளியியலாளர்கள் ஃபிராங்க் டக்வொர்த்தும் டோனி லூயிஸும் உருவாக்கிய முறை 1997-ல் முதன்முதலாக சர்வதேசப் போட்டியில் பயன்படுத்தப்பட்டது. பேராசிரியர் ஸ்டீவன் ஸ்டெர்ன் அதை அதிரடி ஆட்டக் காலத்துக்கு ஏற்றபடி திருத்தினார்.

அப்போ குறையே இல்லையா?

இருக்கிறது. 2010 டி20 உலகக்கோப்பையில் இங்கிலாந்து 191 ரன்கள் எடுத்தது. மழையால் வெஸ்ட் இண்டீஸுக்கு 6 ஓவரில் 60 என இலக்கு மாறியது. ஓவருக்கு 9.6 ஆக இருந்த தேவை 10 ஆனது, அவ்வளவுதான். வெறும் 6 ஓவருக்கு 10 விக்கெட் கையில் இருந்தால் யாருக்கு பயம்? வெஸ்ட் இண்டீஸ் எளிதாக வென்றது. ஸ்டெர்னின் திருத்தம் வந்தது இதற்குப் பிறகுதான்.

இந்தக் கணக்கு விக்கெட்டை எண்ணுமே தவிர, களத்தில் நிற்பது கோலியா, பும்ராவா என்று பார்க்காது. ஈரப்பந்தைப் பிடிக்க முடியாமல் திணறும் சுழற்பந்து வீச்சாளரின் கஷ்டமும் அதற்குத் தெரியாது.

மாற்று முறையும் உண்டு. கேரளப் பொறியாளர் ஜெயதேவன் உருவாக்கிய வி.ஜே.டி. முறை நம்ம டி.என்.பி.எல். தொடரில் பயன்படுத்தப்படுகிறது. ஆனால் எந்த முறையும் ஆடாத ஓவர்களில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கத்தான் முடியும்.

என்னதான் தீர்வு?

ஓவர் குறையக் குறைய ஊகத்தின் பங்கு கூடும். டி20-யில் தலா 5 ஓவர் ஆடினாலே முடிவு அறிவிக்கலாம் என்பதுதான் உண்மையான சிக்கல். லீக் போட்டிக்கு இது பரவாயில்லை. அரையிறுதி, இறுதி என்று வரும்போது ரிசர்வ் டே வைத்து, முடிந்தவரை முழு ஆட்டத்தையும் நடத்துவதே இரு அணிக்கும் நியாயம். ஃபார்முலாவைத் திருத்துவதைவிட, அது தேவைப்படும் நேரத்தைக் குறைப்பதுதான் முக்கியம்.