கல்வராயன் மலைக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை

அறுவடை முடிந்து நாலு நாள் ஓய்வு கிடைத்தால், கள்ளக்குறிச்சி வட்டார விவசாயிகள் பலர் குடும்பத்துடன் கல்வராயன் மலைக்குப் போய் வருகிறார்கள். இது நல்ல பழக்கமே. ஆனால் பட்டணத்தார் பொழுதுபோக்கப் போவது வேறு, உழவர் போவது வேறு. கோமுகியும் மணிமுத்தாவும் இம்மலையில் பிறக்கின்றன. கல்படை, பொட்டியம் ஓடைகளில் இறங்கும் நீர்தான் கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணையில் தேங்கி, கீழே வயலுக்கு வருகிறது. ஆகவே மலையைக் கெடுப்பவர் தம் வாய்க்காலையே கெடுத்துக்கொள்கிறார்.

மேகம், பெரியார் அருவிகளைக் காண மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், அருவியிலும் நீர் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உச்சியில் பெய்யும் மழை அடியில் குளிப்பவருக்குத் தெரியாது. நீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே கரையேற வேண்டும். வனத்துறை தடை விதித்த நாளில் குறுக்குவழி தேடுவது கூடாது.

டிராக்டர் டிரெய்லரிலும் சரக்கு வேனிலும் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையில் கோயிலுக்குச் சென்றவர்களின் சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெள்ளிமலைக்குப் பஸ் உண்டு. கடைசிப் பஸ் எப்போது என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. சொந்த வண்டியில் இறங்குவோர் சிறிய கியரில் வர வேண்டும்; பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது.

மாசி முதல் வைகாசி வரை புல் காய்ந்து கிடக்கும். அணைக்காத ஒரு பீடித் துண்டு போதும். தீயில் சருகு மெத்தை எரிந்துவிட்டால் மழைநீர் மண்ணில் இறங்காமல் வண்டலை அரித்துக்கொண்டு ஓடும். அணை தூர்ந்தால் நட்டம் யாருக்கு? அடுப்பு மூட்டிச் சமைப்பதைவிடக் கட்டுச்சோறு கொண்டுபோவதே மேல்.

“ஒரு பிளாஸ்டிக் பையால் என்ன கெட்டுவிடும்?” என்று சிலர் கேட்கிறார்கள். மதகை அடைப்பதும், மாட்டின் வயிற்றை அடைப்பதும் அந்த ஒரு பைதான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கிற்கு 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை உள்ளது. துணிப்பையும் தூக்குவாளியும் போதும். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். குரங்குக்குத் தின்பண்டம் போட்டுப் பழக்கினால், அது மலையாளி மக்களின் காட்டுப் பயிரில்தான் கைவைக்கும்.

அம்மக்களும் உழவர்களே. அவர்களுடைய சாமைக் கொல்லையிலும் மரவள்ளியிலும் புகுந்து நடப்பது, தன் நாற்றங்காலில் அயலார் நடப்பதற்குச் சமம். சாமை, தேன், கடுக்காய் வேண்டுமானால் பேரம் பேசி அடிக்காமல் நேரில் வாங்கலாம்.

குப்பைத்தொட்டியும் கழிப்பிடமும் அமைப்பது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறவும் வேண்டும். ஆனால் அது வரும்வரை அசுத்தம் செய்யலாம் என்று பொருளல்ல. மலையில் விடும் அழுக்கு வயலுக்குத்தான் இறங்கி வரும்.