ஓமந்தூரார் காலத்தில் விடுதலை பெற்ற பாட்டு



கச்சேரி மேடையில் அரசியல் எதற்கு என்று யாராவது கேட்டால், என் மனம் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூருக்குப் போய்விடுகிறது. அந்த மண்ணின் விவசாயியான ஓமந்தூரார், அதாவது ஓ.பி.ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தார். கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அவர் ஆட்சியில் வந்தவை.

அவர் முதல்வராக இருக்கையில், சுதந்திரம் பிறந்த வேளையில் வானொலியில் பாரதியைப் பாடியவர் டி.கே.பட்டம்மாள். சங்கீதத்தில் முறையாகத் தேர்ந்த குரல் அது. பாடியதோ நாட்டின் விடுதலையை. ராகம் ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஆனால் அந்தப் பாட்டுகள் அன்றைக்கு எல்லோருக்கும் சொந்தமாக இல்லை. இசைத்தட்டு, திரைப்பட உரிமை பட அதிபர் ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948இல் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்த டி.கே.எஸ். சகோதரர்கள் வழக்கைச் சந்திக்க வேண்டியிருந்தது. ஒரு கவிஞனின் குரலுக்குத் தனியார் பூட்டா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் கொதித்தார்கள். ஓமந்தூரார் அரசு அதற்குச் செவிசாய்த்து, பாரதியின் படைப்புகளை நாட்டுடைமையாக்க முன்வந்தது. மெய்யப்பச் செட்டியார் இழப்பீடு ஏதும் வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையையும் மறக்கக் கூடாது. 

இன்றைய கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவை நான் பட்டம்மாளின் வரிசையில்தான் வைக்கிறேன். 2017இல் வெளிவந்த ‘பொறம்போக்கு’ பாடலில், கபேர் வாசுகி எழுதிய சென்னைத் தமிழ் வரிகளை ஆனந்தபைரவியிலும் பேகடாவிலும் பாடினார். எண்ணூர்க் கழிமுகத்தைச் சாம்பல் மூடுவதை ராகமாலிகை சொல்லியது. எழுத்தாளர் பெருமாள்முருகனின் கீர்த்தனைகளையும் மேடையேற்றினார். 2024இல் அவருக்கு மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது அறிவித்தபோது சில வித்வான்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் கருத்தோடு உடன்படாதவர்கள் உண்டு. அது அவர்கள் உரிமை. ஆனால் கழிமுகத்துக்காக விரியும் ஆனந்தபைரவியில் இலக்கணம் எங்கே பிசகியது என்று கேட்டால், எனக்கு எங்கும் தெரியவில்லை. பட்டம்மாள் பாடியது பக்தி போலப் போற்றப்படுகிறது, கிருஷ்ணா பாடுவது மட்டும் பிரசாரம் ஆகிவிடுகிறது; இந்த வேறுபாடு எனக்கு நியாயமாகப் படவில்லை.

விழுப்புரம், திண்டிவனம் வட்டார வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பள்ளி விழாவிலோ பஜனை மடத்திலோ கட்சி மேடையிலோ பாரதியை எந்த ராகத்தில் பாடினார்கள்? பழைய இசைத்தட்டோ பாட்டு நோட்டோ பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மெட்டு நினைவிருப்பவர்கள் எங்களுக்கு எழுதுங்கள்; வரும் இதழ்களில் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்