நிக்காஹ்நாமாவில் ஒரு வரி

நிக்காஹ் முடியக் கால் மணி நேரம் போதும். மணமகளின் சம்மதம், வலீ, இரண்டு சாட்சிகள், பிறகு ஒரு தொகை. முதல் மூன்றையும் காஜி நிதானமாகக் கேட்டு எழுதுகிறார். மஹர் என்றதும்தான் இரு வீட்டாருக்கும் அவசரம். யாரோ 786 ரூபாய் என்கிறார், எல்லோரும் தலையசைக்கிறார்கள். பிரியாணிக்கு எத்தனை அண்டா என்று ஒரு வாரம் வாதாடியவர்கள்தான் இவர்கள்.

மஹர், தகப்பனாருக்குத் தரும் விலை அல்ல. குர்ஆனின் நான்காம் அத்தியாயம் அதை மனைவிக்குத் தர வேண்டிய கொடை என்கிறது. நிக்காஹின்போதே தருவதும் உண்டு, பிறகு தருவதாக எழுதுவதும் உண்டு. தராதவரை அது கணவன் மீதுள்ள கடன். அவன் இறந்தால், வாரிசுகள் பங்கு பிரிக்கும் முன் அதை அடைக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம்கூட மஹருக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் பல வீடுகளில் நடப்பது தலைகீழ். பைக்கும் ரொக்கமும் பெண் வீட்டிலிருந்து முன்பே போய்விடுகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது அந்த 786 மட்டும். அதுவும் வந்தால்!

அவத் பகுதியில் நேர் எதிரான வேடிக்கை. கணவன் நினைத்தவுடன் தலாக் சொல்லாமலிருக்க ஒரு கடிவாளம், கூடவே குடும்ப கௌரவம் என்று லட்சங்களை எழுதினார்கள். கொடுக்கும் உத்தேசம் யாருக்கும் இல்லை. கணவனின் வசதியை மீறிய மஹரை நீதிமன்றம் குறைக்கலாம் என்று 1876இல் சட்டமே வந்தது. சின்னத் தொகையோ பெரிய தொகையோ, பெண்ணின் கைக்கு வந்தது ஒன்றுதான்.

கலீஃபா உமர் மஹருக்கு உச்சவரம்பு வைக்க முனைந்ததாகவும், ஒரு பெண் குர்ஆன் வசனத்தைக் காட்டி மறுத்ததும் பின்வாங்கியதாகவும் சொல்வார்கள். இன்று பெண் பார்க்கும்போது சம்பளம், நிறம், சொந்த வீடு எல்லாம் பேசுகிறார்கள். அப்போதே மஹரையும் பேசினால், மாப்பிள்ளை வீட்டாரின் மனசு ஓரளவு தெரிந்துவிடும். கேரளத்தில் பரவலாக இருப்பதுபோல் பவுனாகக் கேட்பதில் தவறே இல்லை.

வட இந்தியாவில் ஒரு பழைய வழக்கம். மய்யித்தை எடுக்கும் முன், அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் "மஹரை மன்னித்துவிடு" என்பார்கள். துயரத்தில் வாங்கிய அத்தகைய மன்னிப்பு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதுண்டு. அவளுக்கு அது எங்கே தெரியும்? தலையை ஆட்டிவிடுவாள். எவ்வளவு எழுதியிருந்தது என்றுகூட நினைவிருக்காது.