பிரம்பு யாரைப் பழக்குகிறது?

"அடியாத மாடு பணியாது" என்று சொல்லியே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் உள்ளங்கைகளைச் சிவக்க வைத்திருக்கிறோம். மாட்டைப் பற்றிய அந்தக் கூற்றாவது மெய்தானா என்று நாம் கேட்டதில்லை. விலங்குகள் எவ்வாறு பழகுகின்றன என்பதை ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்த அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் (1904–1990) பெயரைச் சொன்னாலோ, "அவரா? மனிதனை எலியாக்கியவர்!" என்று கற்றவரும் முகம் சுளிக்கின்றனர். அவரைப் பழித்துவிட்டு, எலியிடம் அவர் காட்டிய பொறுமையைக்கூடத் தம் பிள்ளையிடம் காட்டாதவர்களை நோக்கியே இதை எழுதுகிறேன்.

அவர் சொன்னது என்ன? ஒரு செயலுக்குப் பின் வரும் விளைவே அச்செயல் மீண்டும் நிகழுமா என்பதைத் தீர்மானிக்கிறது. 1898இல் தார்ண்டைக் பூனைகளைக் கூண்டிலடைத்துக் கண்டதன் நீட்சி இது. உளவியல் நூல்கள் இதனைச் செயல்படு ஆக்கநிலையுறுத்தல் என்கின்றன. எலி நெம்புகோலை அழுத்துகிறது, உணவு விழுகிறது, மீண்டும் அழுத்துகிறது. உணவு நின்றால் அழுத்துவதும் மெல்ல ஓயும். 1938இல் வெளியான தம் நூலில் ஸ்கின்னர் இன்னொரு சோதனையையும் விவரித்தார். உணவை நிறுத்திய பின், சில எலிகள் நெம்புகோலைத் தொட்டபோதெல்லாம் அது அவற்றின் பாதத்தைத் தட்டிவிடுமாறு தொடக்கத்தில் மட்டும் அமைத்தார். அடிபட்ட எலிகள் அப்போதைக்கு அடங்கின. அடி நின்றதும் மீண்டும் அழுத்தத் தொடங்கின. இறுதிக் கணக்கில், அடிபடாத எலிகள் அழுத்திய அளவுக்கே அவையும் அழுத்தியிருந்தன. அடி பழக்கத்தை அழிக்கவில்லை. ஒத்திப் போட்டது, அவ்வளவே. கடுமையான மின்னதிர்ச்சி தந்தால் அடக்கம் நெடிது நிலைக்கும் என்று பின்வந்தோர் காட்டினர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளை அந்த அளவுக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர் துணிந்து சொல்லட்டும்!

அப்படியானால் பிரம்பு ஏன் இத்தனை காலம் வாழ்கிறது? இங்கேதான் அக்கொள்கையின் கூர்மை இருக்கிறது. தந்தை அடிக்கிறார், பிள்ளையின் கூச்சல் அந்தக் கணமே நிற்கிறது. அந்த அமைதி யாருக்குக் கிடைத்த பரிசு? அடித்தவருக்கு. வேண்டாத இரைச்சல் அகன்றதால் அவருடைய செயல் வலுப்பெறுகிறது. நாளை அவர் கை இன்னும் விரைந்து ஓங்கும். பிள்ளை கற்றதோ, தந்தை வீட்டிலிருக்கும்போது அடங்கியிருப்பதும், அகப்படாமல் பொய் சொல்வதுமே. ஆக, அந்த வீட்டில் பிரம்பால் நன்கு பழக்கப்பட்டவர் பிரம்பைப் பிடித்திருப்பவர்தாம்.

கடைத்தெருவில் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று. பிள்ளை மிட்டாய் கேட்கிறது, தாய் மறுக்கிறாள். அழுகை ஏறுகிறது, நான்கு முறை மறுத்தவள், பார்ப்பவர்களுக்கு நாணி ஐந்தாம் முறை வாங்கித் தருகிறாள். பிள்ளை பிடிவாதக்காரன் என்கிறோம். பிடிவாதத்தைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தது யார்? ஒவ்வொரு முறையும் கிடைக்காமல் எப்போதாவது கிடைக்கும் பலன்தான் ஒரு செயலை மிக நீண்ட காலம் நிலைக்கச் செய்யும் என்பதை ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் புறாக்களைக் கொண்டு விரிவாகக் காட்டினர். சூதாடி எழுந்து போகாமல் இருப்பதும், கைப்பேசியை நிமிடத்துக்கொரு முறை நாம் எடுத்துப் பார்ப்பதும் இவ்வகையே. இன்னொன்று: பலனை அறவே நிறுத்தினால் அழுகை முதலில் கூடும், பிறகே குறையும். கூடும் அந்த வேளையில்தான் பெரும்பாலோர் மனம் தளர்ந்து மிட்டாயை நீட்டுகின்றனர், அல்லது கையை ஓங்குகின்றனர்.

"ஏட்டுப் பேச்சு வேண்டாம்; அடிக்காமல் எந்த உயிர் அடங்கும்?" என்பர் சிலர். டால்ஃபினை அடித்துப் பாருங்கள், நீந்திப் போய்விடும். 1960களில் ஹவாய் கடற்பூங்காவில் டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையர், விசில் ஒலியும் மீனும் கொண்டே அவற்றுக்கு அரிய வித்தைகளைக் கற்பித்தார். அதே முறை நாய்க்கும் மனிதருக்கும் பொருந்துமென 1984இல் நூலும் எழுதினார். சங்கிலியும் சாட்டையும் பயன்படாத இடத்தில் மனிதன் மூளையைப் பயன்படுத்த நேர்ந்தது!

ஸ்கின்னரை அப்படியே விழுங்கவும் நான் சொல்லவில்லை. மனிதச் சுதந்திரமும் மாண்பும் கடந்து செல்ல வேண்டிய கருத்துகள் என்று அவர் 1971இல் வாதிட்டபோது, கூண்டிலிருந்து கிடைத்த சான்றைக் கூண்டுக்கு வெளியே வெகுதூரம் இழுத்தார். அவருடைய மாணவர்களான பிரெலண்ட் தம்பதியரே 1961இல் அவருக்கு ஒரு தடை எழுப்பினர். மரக்காசை உண்டியலில் போடப் பழகிய பன்றிகள், நாளடைவில் உணவு தாமதமானாலும் காசைக் கீழே போட்டு மூக்கால் கிளறத் தொடங்கின. இயல்பு என ஒன்று உண்டு. பரிசு அதை முற்றிலும் வெல்வதில்லை.

பிரம்பை எறிந்துவிட்டு எல்லாவற்றுக்கும் பரிசு என்று கிளம்புவோரும் இதைக் கேட்க வேண்டும். 1973இல் லெப்பரும் உடன் ஆய்ந்தோரும், தாமாகவே விரும்பிப் படம் வரைந்த மழலைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லித் தந்தனர். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. விருப்பம் இருக்கும் இடத்தில் கூலி பேசக்கூடாது.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் பள்ளியில் உடல் தண்டனையையும் மன வதையையும் தடைசெய்தது. "எங்கள் கையைக் கட்டிப்போட்டார்கள், இனி எப்படி ஒழுங்கைக் காப்பது?" என்ற முறையீடு ஆசிரியர்களிடையே இன்றும் ஓயவில்லை. அறுபது பிள்ளைகள் நெருங்கியிருக்கும் வகுப்பின் பாரம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆயினும் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாத அந்தக் கடைசி இருக்கைப் பையனை நாற்பது நாள் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தினீர்களே. நாற்பத்தோராம் நாள் அவன் எழுதி வந்தபோது அவனை நிமிர்ந்து பார்த்தீர்களா?