மணிக்கூண்டில் ஒரு மாளிகை



ஓர் ஊரின் மணிக்கூண்டு யாருக்குச் சொந்தம் என்று உங்களிடம் கேட்டால், இதென்ன வினா என்று நகைப்பீர்கள். கடைத்தெருவுக்குச் செல்பவரும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும் அண்ணாந்து பார்த்து நேரம் அறிந்துகொள்ளத்தானே அதை அத்தனை உயரத்தில் கட்டினார்கள், அது ஊருக்குச் சொந்தம் என்பீர்கள். நியூயார்க் மாநகரில் இவ்வினா ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நீதிமன்றங்களின் படியேறியது. கிடைத்த விடை நீங்கள் எண்ணுவதுபோல் அமையவில்லை.

அம்மாநகரின் பிராட்வே வீதியில் 346 என்னும் எண்ணுடன் ஒரு நெடிய பளிங்குக் கட்டிடம் நிற்கிறது. 1890களில் நியூயார்க் லைஃப் என்னும் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் தலைமையகத்திற்காக எழுப்பியது அது. அதன் உச்சியில் ஒரு கோபுரம். கோபுரத்தின் நான்கு பக்கங்களிலும் நான்கு கடிகார முகங்கள். உள்ளே, பாஸ்டன் நகரில் பெயர்பெற்ற ஹோவர்டு நிறுவனத்தார் செய்தளித்த இயந்திரம். மின்சாரத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. கனமான எடைக்குண்டுகள் வடத்தில் தொங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கீழிறங்கும். அந்த இறக்கத்தின் விசையில் பற்சக்கரங்கள் சுழலும். ஊசலின் ஆட்டம் அவற்றை அளவோடு நடத்தும். எடைக்குண்டுகள் அடிக்கு வந்ததும் யாராவது மேலேறிச் சென்று கையால் சாவி கொடுத்து அவற்றை மீண்டும் உயர்த்த வேண்டும். வாரந்தோறும் ஒரு மனிதரின் உழைப்பைக் கேட்கும் கடிகாரம் அது.

காப்பீட்டு நிறுவனம் 1928இல் வேறு மாளிகைக்குப் பெயர்ந்தது. பின்னர் 1960களில் கட்டிடம் மாநகராட்சியின் கைக்கு வந்தது. அதன்பின் அதனுள் நுழைந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் எளிய மக்களே. சிறு குற்றங்களுக்காக அழைப்பாணை பெற்றோர் வந்து நிற்கும் நீதிமன்றம் அங்குதான் நடைபெற்றது. 1972இல் கோபுரத்தையொட்டிய மேல்தளத்தில் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்குமான காட்சிக்கூடம் ஒன்றும் திறக்கப்பட்டது.

கடிகாரம் மட்டும் பல ஆண்டுகளாக ஓடாமல் நின்றுகிடந்தது. 1979ஆம் ஆண்டில் மார்வின் ஷ்னைடர் என்பவரும் அவருடைய தோழர் எரிக் ரைனரும் அதைப் பழுதுபார்க்க முன்வந்தனர். இருவரும் மாநகராட்சிப் பணியாளர்கள். கடிகாரத் தொழில் கற்றவர்கள் அல்லர். நின்றுபோன கடிகாரத்தை நாள்தோறும் பார்த்து மனம் பொறாமல், இசைவு பெற்றுத் தம் சொந்த நேரத்தில் உழைத்தார்கள். துருவை நீக்கி, எண்ணெயிட்டு, முட்களை மீண்டும் ஓடச் செய்தார்கள். பின்னாளில், 1992இல், ஷ்னைடரை நகரத்தின் அதிகாரப்பூர்வக் கடிகாரப் பொறுப்பாளராகவே நியமித்தார்கள். வாரந்தோறும் சாவி கொடுத்ததோடு நில்லாமல், விரும்பி வந்தோரைக் கோபுரத்திற்கு அழைத்துச் சென்று இயந்திரம் இயங்கும் விதத்தையும் அவர் காட்டினார். கூலி கருதாது செய்த தொண்டுக்கு ஓர் ஊர் இவ்வளவு மரியாதை செய்வது அரிதுதான்.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பென்சில்வேனியா ரயில் நிலையம் என்னும் பெருமாளிகையை 1963இல் இடிக்கத் தொடங்கியபோது நியூயார்க் மக்கள் கொதித்தெழுந்தனர். அதன் விளைவாக 1965இல் வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் சட்டம் பிறந்தது. 1973இல் அது கட்டிடங்களின் உட்புறத்திற்கும் விரிவாக்கப்பட்டது. உட்புறம் ஒன்று சின்னமாக அறிவிக்கப்பட வேண்டுமானால், அது பொதுமக்கள் வழக்கமாகச் சென்றுவரும் இடமாக இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டம் விதித்த தகுதி. (வழிபாட்டுத் தலங்களின் உட்புறத்தை அது விலக்கிவிட்டது, அது முறைதான்.) 1987இல் 346ஆம் எண் கட்டிடத்தின் வெளிப்புறமும், மணிக்கூண்டின் இயந்திரம் உட்பட உட்புறத்தின் சில பகுதிகளும் காக்கப்பட வேண்டிய சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

இனி மறுபக்கம். ‘லாஃப்ட்’ என்றால் நம் வீடுகளில் பழைய பாத்திரங்களை ஏற்றிவைக்கும் பரண். நியூயார்க்கிலோ அச்சொல்லின் தலையெழுத்தே மாறிவிட்டது. அங்கே அது தடுப்புச் சுவரில்லாத, உயர்ந்த கூரையும் அகன்ற சாளரங்களும் கொண்ட தொழிற்கூடத் தளம். தொழில்கள் வெளியேறியபின் வெறுமையாய்க் கிடந்த இத்தளங்களில், குறைந்த வாடகைக்கு ஓவியர்கள் குடிபுகுந்தனர். சட்டம் இடந்தராதபோதும் தங்கினர். சோஹோ பகுதியில் 1971இல்தான் அவர்கள் குடியிருக்க முறையான இசைவு கிடைத்தது. ஏழைக் கலைஞன் வேறு வழியின்றி வாழ்ந்த அந்த வாழ்க்கையைப் பின்னர் செல்வந்தர்கள் அழகெனக் கண்டனர். அவர்கள் வந்தபின் வாடகை ஏறியது, கலைஞர்கள் வெளியேறினர். கூரைமேல் அமைந்த உச்சிமாடி வீடாகிய ‘பென்ட்ஹவுஸ்’ இத்தகைய பழங்கட்டிடத்தில் கிடைத்துவிட்டால் அதன் மதிப்பைக் கேட்கவே வேண்டாம். புரூக்ளின் கரையில் அட்டைப்பெட்டித் தொழிலுக்காகக் கட்டப்பட்ட ஒரு கட்டிடத்தின் மணிக்கூண்டை வீடாக்கி, 2009இல் இரண்டரைக் கோடி டாலர் விலை சொன்னார்கள். நான்கு கடிகார முகங்களே அவ்வீட்டின் நான்கு கண்ணாடிச் சாளரங்கள்! 2017இல் அது ஒன்றரைக் கோடி டாலருக்கு விலைபோனது. வாங்குவார் உடனே கிடைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பிராட்வே கட்டிடத்தை மாநகராட்சி 2013இல் தனியார் கட்டுமான நிறுவனத்தாருக்கு 16 கோடி டாலருக்கு விற்றது. காட்சிக்கூடம் வெளியேறியது. கட்டிடம் முழுவதையும் உயர்விலைக் குடியிருப்புகளாக்கி, மணிக்கூண்டைத் தனி ஒருவரின் உச்சிமாடி வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வதே புதிய உரிமையாளரின் திட்டம். வீட்டின் நடுவே வாரந்தோறும் ஒருவர் வந்து சாவி கொடுப்பது எப்படிப் பொருந்தும்? ஆகவே பழைய இயந்திரத்தை அங்கேயே காட்சிப்பொருளாய் நிறுத்திவிட்டு, முட்களை மின்விசையால் ஓட்டுவதென்று முடிவாயிற்று. சின்னங்களைக் காக்கும் ஆணையம் 2014இல் இதற்கு ஒப்புதல் வழங்கியது.

கடிகார ஆர்வலர்களும் மரபுப் பாதுகாவலர்களும் வழக்குத் தொடுத்தனர். ஓடுவதுதான் கடிகாரத்தின் உயிர், அதை நிறுத்திவிட்டு உடலை மட்டும் காப்பது காப்பாகுமா என்பது அவர்கள் வாதம். மக்கள் செல்லும் இடம் என்பதற்காகவே சின்னமாக்கப்பட்ட அறையை மக்களுக்கு அடைக்கலாமா என்றும் கேட்டனர். 2016இல் முதல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2017இல் மேல்முறையீட்டு மன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது.

மாநிலத்தின் உச்ச அதிகாரம் கொண்ட மன்றம் 2019 மார்ச்சில் அத்தீர்ப்பைப் புரட்டியது. ஆணையம் துறையறிந்தோரைக் கொண்ட அமைப்பு. அது ஆராய்ந்து, காரணத்தோடுதான் முடிவெடுத்திருக்கிறது. அம்முடிவின் இடத்தில் தன் கருத்தை வைப்பது நீதிமன்றத்தின் வேலையன்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். மாறுபட்டு எழுதியோரும் இருந்தனர்.

கட்டிட உரிமையாளர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நூற்றாண்டு கடந்த பளிங்குச் சுவரைப் பேணுவது எளிதன்று. மாநகராட்சியின் கருவூலம் எல்லாவற்றிற்கும் போதாது. பழங்கட்டிடம் பாழடைந்து இடிவதைவிட, பணமுள்ளவர் குடியிருந்து சுவரையாவது காப்பது மேல் என்பவர்களை நான் குறைகூற மாட்டேன். ஆனால் விற்பனைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாமே! ஆண்டிற்குச் சில நாட்களேனும் கோபுரம் திறந்திருக்க வேண்டும், சாவி கொடுப்பவர் வந்துபோக வழிவிட வேண்டும் என்று விற்குமுன்பே வலுவாக எழுதிக் கட்டியிருந்தால், மூன்று மன்றங்களுக்கு வேலையே இருந்திராது. வீட்டைப் பங்கிடும்போது பொதுக்கிணற்றுக்குப் பாதை விட்டு எழுதும் குடும்பத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்த செய்திதான் இது.

பிராட்வேயில் நடந்து செல்பவருக்குக் கீழிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியப்போவதில்லை. கையால் ஓடும் முள்ளும் மின்விசையால் ஓடும் முள்ளும் காட்டுவது ஒரே நேரத்தைத்தான். மன்றத்தின் தீர்ப்பு மணிக்கூண்டு அறையைச் சின்னங்களின் பட்டியலிலிருந்து நீக்கவும் இல்லை. பொதுமக்கள் வழக்கமாகச் சென்றுவரும் இடம் என்று 1987இல் எழுதப்பட்ட தகுதியோடுதான் அது அதில் இடம்பெற்றது.