டிஸ்க் மாற்றப் போறீங்களா?

ஹார்ட் டிஸ்க் சில சமயம் சொல்லிவிட்டுச் சாகும். பல சமயம் சொல்லாமலே போய்விடும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'ஸ்மார்ட்சிடிஎல்' என்ற கட்டளையில் அதற்கு நாடி பிடித்துப் பார்க்கலாம். 'பெண்டிங் செக்டார்' கணக்கு ஏறிக்கொண்டே போனால் உடனே புது டிஸ்க் வாங்கிவிடுங்கள். ஒண்ணாந்தேதி வரை அது காத்திருக்காது.

கழற்றி மாட்டுவது பெரிய வித்தை இல்லை. நாலு ஸ்க்ரூ, ரெண்டு கேபிள். வில்லங்கமெல்லாம் காப்பி எடுப்பதில்தான்.

யூனிக்ஸ் குடும்பத்தில் டிஸ்க், கீபோர்டு, மோடம் எல்லாமே ஃபைல்தான். அழகான வேதாந்தம், கொஞ்சம் ஆபத்தானதும்கூட. 1991-ல் பிறந்த லினக்ஸ் கைக்குழந்தையாக இருந்தபோது, அதன் தகப்பனார் லினஸ் டோர்வால்ட்ஸ் மோடத்தில் யுனிவர்சிடி கம்ப்யூட்டருக்கு டயல் செய்யப்போய், கை தவறி ஹார்ட் டிஸ்க்குக்கு டயல் செய்துவிட்டார். டிஸ்க் மறுபேச்சு பேசாமல் அதைத் தன்மேலேயே எழுதிக்கொண்டது. அதிலிருந்த மினிக்ஸ் காலி! போனால் போகிறது என்று மனுஷர் லினக்ஸிலேயே குடியேறிவிட்டார்.

'டிடி' கட்டளையும் இதே ரகம். 'ஐஎஃப்' என்றால் எதிலிருந்து, 'ஓஎஃப்' என்றால் எதன்மேல். ரெண்டையும் மாற்றிப் போட்டால் புது டிஸ்க்கின் வெறுமை, பழசிலிருக்கும் உங்கள் கல்யாண ஆல்பத்தின்மேல் ஏறி உட்காரும். "நிச்சயமா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்காது. விஷயம் தெரிந்தவர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'டிஸ்க் டெஸ்ட்ராயர்'.

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களையும் நம்பாதீர்கள். அடுத்த பூட்டில் இடம் மாறிக்கொள்ளலாம். சீரியல் நம்பரை டிஸ்க் லேபிளோடு ஒப்பிட்டுப் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய டிஸ்க் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தால் டிடி வேண்டாம், 'டிடிரெஸ்க்யூ'. சுலபமாக வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் செக்டார்களிடம் அப்புறம் திரும்பி வரும். கணக்கு எழுத ஒரு ஃபைல் கொடுத்துவிட்டால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் ஊருக்கென்றே எழுதினாற்போல!

'ஆர்சிங்க்' போட்டு ஃபைல்களை மட்டும் எடுத்தவர்கள், 'எஃப்எஸ்டேப்'பில் புது யூயூஐடி எழுதி, க்ரப்பையும் புது டிஸ்க்கில் போடவேண்டும். இல்லையேல் பூட் ஆகாது. டிடி ஆசாமிகளுக்கு வேறு சிக்கல். ரெண்டு டிஸ்க்கிலும் ஒரே யூயூஐடி. சேர்த்து மாட்டினால் எம்.ஜி.ஆர். டபுள் ஆக்ட் படம் மாதிரி, எது யாரென்று லினக்ஸ் குழம்பும். பழசைக் கழற்றி அலமாரியில் வையுங்கள்.

ஒரு மாசம் கழித்துக் காயலான் கடைக்குப் போடலாம், அழித்துவிட்டு. அந்த வேலையில் டிடி ரொம்பக் கெட்டிக்காரன்.